உள்ளூர் விடுமுறை நாளுக்குச் சம்பளம் உண்டா? மதுரை வாசகியின் கேள்விக்குத் தொழிலாளர் சட்ட ஆலோசனை

கேள்வி: மதுரையில் ஒரு மின்சாதன மொத்த விற்பனைக் கடையில் ஆறு ஆண்டுகளாகப் பில் போடும் பணியில் இருக்கிறேன். மாதச் சம்பளம் 15,600 ரூபாய். கடையில் மொத்தம் 14 பேர். அவர்களில் மூவர் தினக்கூலிக்குச் சுமை தூக்குபவர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளை மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறையாக அறிவித்தார். எங்கள் கடை மட்டும் வழக்கம்போல் திறந்திருந்தது. அன்று வராத ஐந்து பேருக்கு, நான் உட்பட, தலைக்கு இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்குக் கூடுதலாக எதுவும் தரவில்லை. பெரிய முதலாளி கடையைப் பார்த்துக்கொண்ட காலத்தில் அன்று கடை அடைப்புதான், சம்பளமும் உண்டு. அவருடைய மகன் பொறுப்பேற்றபின் மூன்று ஆண்டுகளாக அது நின்றுவிட்டது. மே 1 அன்றும் கடை திறந்திருந்தது. ஆளுக்கு 200 ரூபாயும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் கொடுத்தார்கள். கேட்டால், மே தினம் ஆலைத் தொழிலாளிக்குத்தான், கடைக்கு இல்லை என்கிறார்கள். அரசுப் பள்ளி ஆசிரியையான என் தங்கைக்கு இரண்டு நாளும் விடுமுறை. எங்களுக்குச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையா? குடியரசு நாள் போன்றவை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் வேறு நாள் கேட்க முடியுமா? பெங்களூரில் கடை வேலை பார்க்கும் என் தம்பிக்கும் இதே விதிகள்தானா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் இரண்டு விடுமுறைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. மே 1 குறித்து உங்கள் பக்கம் சட்டம் தெளிவாக நிற்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நாள் குறித்து அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் அதிலும் வழி இருக்கிறது. அந்த வழி ஆட்சியரின் ஆணையில் இல்லை, உங்கள் கடையின் ஆண்டு விடுமுறைப் பட்டியலில் இருக்கிறது. சிக்கலானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

உள்ளூர் விடுமுறை ஆணை யாருக்காகப் பிறப்பிக்கப்படுகிறது என்பதை அந்த ஆணையின் வாசகத்திலேயே காணலாம். மதுரைச் சித்திரைத் திருவிழாவானாலும், திருவாரூர் ஆழித்தேரோட்டமானாலும், தஞ்சாவூர்ச் சதய விழாவானாலும், நாகூர் கந்தூரியானாலும், கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவானாலும், ஆட்சியரின் அறிவிப்பு ஏறத்தாழ ஒரே வடிவில்தான் இருக்கும். மாவட்டத்திலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும் அன்று விடுமுறை என்று அது சொல்லும். அதை ஈடுசெய்ய இன்ன சனிக்கிழமை பணிநாளாக இருக்கும் என்று அடுத்து வரும். கடைசியாக, இந்த விடுமுறை 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்படவில்லை என்பதால் மாவட்டக் கருவூலமும் சார்நிலைக் கருவூலங்களும் குறைந்த பணியாளர்களைக் கொண்டு அவசரப் பணிகளைக் கவனிக்கும் என்று முடியும். செய்தித்தாள்கள் பெரும்பாலும் முதல் வரியைத் தலைப்பாக்கிவிட்டு மற்ற இரண்டையும் செய்தியின் அடியில் தள்ளிவிடுகின்றன. குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

செலாவணி முறிச் சட்டம் காசோலை, மாற்றுச் சீட்டு, கடன் உறுதிச் சீட்டு ஆகியவற்றைப் பற்றியது. அச்சட்டத்தின்கீழ் பொது விடுமுறை அறிவிக்கப்பட்டால் வங்கிகள் மூடப்படும். உள்ளூர் விடுமுறை அந்த வகையில் சேராததால், அழகர் ஆற்றில் இறங்கும் அன்றும் மதுரையில் வங்கிகள் சட்டப்படி பணிநாளாகவே இயங்கலாம். வங்கியையே கட்டுப்படுத்தாத ஆணை தனியார் கடையைத் தானாகக் கட்டுப்படுத்தாது. ஆகவே, ஆட்சியர் விடுமுறை அறிவித்தார் என்ற ஒரே காரணத்தை வைத்து, வராத நாளுக்குச் சம்பளமோ வந்த நாளுக்கு இரட்டைச் சம்பளமோ உங்கள் முதலாளியிடம் உரிமையாகக் கேட்க முடியாது. உங்கள் தங்கைக்குக் கிடைத்த விடுமுறையும் முழுக்க இலவசமானதல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன்; அதற்கு ஒரு சனிக்கிழமை அவர் பள்ளிக்குப் போயிருப்பார்.

தனியார் நிறுவனத் தொழிலாளியின் விடுமுறை உரிமை வேறொரு சட்டத்திலிருந்து வருகிறது. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை மற்றும் சிறப்பு விடுமுறைகள்) சட்டம், 1958 என்பது அதன் பெயர். பெயரில் தொழில் நிறுவனம் என்று இருப்பதைப் பார்த்து ஆலைக்கு மட்டுமானது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உங்கள் முதலாளியும் அப்படி நினைத்திருக்கலாம், அல்லது நினைப்பதாகக் காட்டிக்கொள்ளலாம். அச்சட்டத்தின் பொருள் வரையறையில் தொழிற்சாலை, தோட்டம் ஆகியவற்றுடன் கடைகளும் வணிக நிறுவனங்களும் உணவகங்களும் அடங்குகின்றன. உங்கள் மொத்த விற்பனைக் கடையும் ஐயத்துக்கு இடமின்றி அதற்குள் வருகிறது.

அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்கு ஒன்பது முழுநாள் விடுமுறைகளைத் தருகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் மாற்ற முடியாதவை. மீதி ஐந்தும் பண்டிகை விடுமுறைகள். அவை எந்தெந்தப் பண்டிகைகள் என்று சட்டம் சொல்லவில்லை. முதலாளியையும் தொழிலாளர்களையும் கலந்தாலோசித்து, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தொழிலாளர் துறை ஆய்வாளர் அவற்றைக் குறிப்பிட வேண்டும் என்றுதான் சொல்கிறது. நடைமுறையில் நடப்பது என்ன? டிசம்பர் மாதத்தில் கணக்குப் பிள்ளையோ ஆடிட்டர் அலுவலகமோ ஒரு பட்டியலைத் தட்டச்சு செய்து, சென்ற ஆண்டு இருந்த பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூஜை, தீபாவளி என்ற வரிசையை அப்படியே இறக்கி, தொழிலாளர் சார்பில் இரண்டு மூன்று கையெழுத்துகளையும் வாங்கித் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறது. கையெழுத்துப் போட்டவர்களுக்கே தாளில் என்ன இருந்தது என்று தெரியாது. கலந்தாலோசனை என்று சட்டம் எதிர்பார்ப்பது இதை அல்ல.

அழகர் ஆற்றில் இறங்கும் நாள் அந்த ஐந்தில் ஒன்றாக உங்கள் கடையின் பட்டியலில் இருந்தால், ஆட்சியர் விடுமுறை அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும் அது உங்களுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. பட்டியலில் இல்லையென்றால், ஊரே ஆற்றங்கரையில் இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது சாதாரண வேலைநாள். எனவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அந்த ஆண்டுக்கான பட்டியலின் நகலைப் பார்ப்பது. கடையில் ஒட்டியிருக்கவில்லை என்றால் கணக்குப் பிரிவில் கேளுங்கள். அங்கும் கிடைக்கவில்லை என்றால் உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்கலாம். பட்டியலே அனுப்பப்படவில்லை என்று தெரியவந்தால், அது முதலாளிக்கு எதிரான தனிக் குற்றச்சாட்டாகும்.

வரும் ஆண்டுக்கு அந்த நாளைச் சேர்க்க வேண்டுமானால், நவம்பர் மாதத்திலேயே உங்களுக்குள் பேசி, ஒரு தாளில் கோரிக்கையை எழுதி எல்லோரும் கையெழுத்திட்டு முதலாளியிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்குங்கள். ஒரு நகலை ஆய்வாளருக்கும் அனுப்புங்கள். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி வரும் விழா என்பதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். ஆகவே விழாவின் பெயர், தேதி இரண்டையும் எழுதுவது நல்லது. இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. ஐந்து என்ற எண்ணிக்கைக்குள் ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை எடுக்க வேண்டியிருக்கும். எடுக்கப்படுவது உங்களுடன் வேலை செய்யும் ஓர் இஸ்லாமியருடைய ரம்ஜானாகவோ கிறித்தவருடைய கிறிஸ்துமஸாகவோ இருந்துவிட்டால், நாளை வேறொரு கோரிக்கைக்கு அவருடைய கையெழுத்து உங்களுக்குக் கிடைக்காது. ஒன்பது நாள் என்பது சட்டம் வைத்த குறைந்தபட்ச அளவு மட்டுமே. பத்தாவது நாளைத் தருவதற்கு எந்தச் சட்டமும் முதலாளியைத் தடுக்கவில்லை. எதையும் எடுக்காமல் கூடுதலாக ஒரு நாள் கேட்பதே முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

இனி, பெரிய முதலாளி காலத்து வழக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் இந்த வரிதான் என் பார்வையில் உங்கள் வழக்கின் வலுவான பகுதி. வேறொரு சட்டத்தின்படியோ ஒப்பந்தத்தின்படியோ வழக்காற்றின்படியோ இதைவிடக் கூடுதலான விடுமுறை உரிமை தொழிலாளிக்கு இருந்தால், அதை இச்சட்டம் குறைத்துவிடாது என்று 1958ஆம் ஆண்டுச் சட்டமே பாதுகாப்பு அளிக்கிறது. அதோடு, 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவும் அதன் நான்காம் அட்டவணையும், சம்பளத்துடன் கூடிய விடுமுறைகளையோ வழக்கமாக அளித்துவந்த சலுகையையோ மாற்ற வேண்டுமானால் முதலாளி முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்புத் தந்து 21 நாள் பொறுத்திருக்க வேண்டும் என்று விதித்திருந்தன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் இதே ஏற்பாட்டைத் தக்கவைத்துக்கொண்டிருக்கிறது. மகன் பொறுப்பேற்றபோது அப்படி எந்த அறிவிப்பும் ஒட்டப்படவில்லை என்றால், வழக்கத்தை நிறுத்திய முறை தவறானது என்று வாதிட இடமுண்டு.

ஆனால் இந்த வாதம் சான்றுகளை நம்பியே நிற்கும். ஓரிரு ஆண்டு மட்டும் கடை அடைத்துச் சம்பளம் கொடுத்திருந்தால், அது முதலாளியின் அன்றைய பெருந்தன்மை என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். இடைவிடாமல் பல ஆண்டு, எல்லாத் தொழிலாளிக்கும், சம்பளக் குறைப்பின்றி நடந்தது என்று காட்டினால்தான் அது வழக்காறு ஆகும். பழைய வருகைப் பதிவேட்டில் அந்த நாளுக்கு எதிரே என்ன குறி இருக்கிறது, அந்த மாதச் சம்பளப் பட்டியலில் பிடித்தம் உண்டா என்பவை முதன்மைச் சான்றுகள். பதிவேடுகள் முதலாளியின் கையில் இருப்பதால், இருபது ஆண்டு பணியாற்றிய மூத்தவர்களின் வாக்குமூலமும், கடைக்கு விடுமுறை என்று வாடிக்கையாளர்களுக்கு அந்நாளில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி போன்றவையும் உதவும். இவற்றை இப்போதே திரட்டி வையுங்கள். மூன்று ஆண்டுகளாக நீங்கள் யாரும் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்பதை எதிர்த் தரப்பு கட்டாயம் எடுத்துக்காட்டும். இன்னும் ஓர் ஆண்டு சும்மா இருந்தால் அந்த வாதம் மேலும் வலுப்பெறும்.

அடுத்தது, பிடித்தம். வழக்காற்று வாதத்தை ஒதுக்கிவைத்து, அன்று வேலைநாள்தான் என்றே கொண்டாலும், ஒரு நாள் வராததற்கு இரண்டு நாள் சம்பளத்தைப் பிடிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. வராத காலத்துக்கும் மொத்த வேலைக் காலத்துக்கும் உள்ள விகிதத்தைவிடப் பிடித்தம் கூடக்கூடாது என்பது பழைய ஊதிய வழங்கல் சட்டத்திலும் இருந்தது, இப்போதைய 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள். அதற்குமேல் ஒரு ரூபாய் பிடித்தாலும் அது அபராதம். அபராதம் போட வேண்டுமானால், எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்பதை உரிய ஒப்புதலுடன் முன்பே அறிவித்திருக்க வேண்டும். தொழிலாளிக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தந்திருக்க வேண்டும். அந்தச் சம்பளக் காலத்து மொத்த அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உங்கள் 15,600 ரூபாயில் 3 சதவீதம் 468 ரூபாய். இரண்டாவது நாளுக்கென்று பிடிக்கப்பட்ட தொகை, மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் 600 ரூபாய், 30ஆல் வகுத்தால் 520 ரூபாய். எப்படி வகுத்தாலும் உச்சவரம்பைத் தாண்டிவிடுகிறது. இந்த இரண்டாம் நாள் பணத்தைத் திரும்பக் கேட்பதில் உங்களுக்கு எந்தத் தயக்கமும் வேண்டாம்.

முதல் நாள் பிடித்தமும்கூடத் தேவையற்றதாக இருந்திருக்கலாம். 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் தற்செயல் விடுப்புக் கடை ஊழியருக்கு உண்டு. நோய்க்கான 12 நாளும், ஓராண்டுப் பணிக்குப்பின் கிடைக்கும் 12 நாள் விடுப்பும் இதற்கு மேற்பட்டவை. ஊர்த் திருவிழாவில் நேர்த்திக்கடன் செலுத்தப் போவது நியாயமான காரணமாகாது என்று ஓர் அதிகாரி முன் வாதிடுவது மதுரையில் எளிதல்ல. முந்திய நாளே ஒரு துண்டுத் தாளில் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. உங்கள் ஐவரில் யாரேனும் அலைபேசிச் செய்தியிலாவது விடுப்புக் கேட்டிருந்தால், அதை அழிக்காமல் வைத்திருங்கள்.

இதனுடன் சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று உங்கள் முதலாளிக்குச் சாதகமானது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, உரிய அறிவிப்பும் நியாயமான காரணமும் இன்றி ஒரே நேரத்தில் வேலைக்கு வராமல் இருந்தால், பணி ஒப்பந்தத்தில் அதற்கான நிபந்தனை இருக்கும் நிலையில், எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. நீங்கள் ஐந்து பேர் என்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் அடுத்த ஆண்டு 14 பேரும் சேர்ந்து வராமல் இருந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், இந்த எட்டு நாளை நினைவூட்டுங்கள்.

மே 1க்கு வருவோம். அன்று கடையைத் திறப்பது தவறில்லை. உங்களை வேலைக்கு அழைத்ததும் தவறில்லை. ஆனால் விடுமுறை நாளில் ஒரு தொழிலாளியை வேலைக்கு அழைக்க வேண்டுமானால், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே அவருக்கு எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும்; அதன் நகலை ஆய்வாளருக்கு அனுப்பி, கடையிலும் ஒட்ட வேண்டும். நாளைக்கு எல்லோரும் வந்துவிடுங்கள் என்று கடை சாத்தும்போது சொல்வது அறிவிப்பாகாது. அப்படி வேலை செய்தவருக்கு அந்த நாளுக்கு இரு மடங்குச் சம்பளம், அல்லது அந்த நாளின் சம்பளத்தோடு சம்பளத்துடன் கூடிய ஒரு மாற்று விடுமுறை, இவ்விரண்டில் ஒன்று கிடைத்தாக வேண்டும். எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டம் தொழிலாளிக்கே கொடுத்திருக்கிறது. குடியரசு நாள், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் தொழிலாளர் துறையினர் கடைகளிலும் உணவகங்களிலும் திடீர் ஆய்வு நடத்தி, விதியை மீறிய நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்த செய்திகள் ஒவ்வொரு முறையும் மாவட்டப் பக்கங்களில் வெளிவருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மே தினம் கடைக்கு இல்லை என்று சொல்பவருக்கு அந்தச் செய்திகளே போதுமான பதில்.

ஆண்டின் 365 நாளும் கடை திறக்க அரசே அனுமதி தந்திருக்கிறதே என்று அடுத்து ஒரு வாதம் வரலாம். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கடைகளுக்கு அப்படியோர் அனுமதி உண்டு. அது கடையின் கதவைத் திறந்துவைப்பதற்கான அனுமதி. ஊழியரின் விடுமுறையைப் பறிப்பதற்கானது அல்ல. ஊழியர்களுக்குச் சுழற்சி முறையில் வார விடுமுறை தர வேண்டும் என்பது அந்த ஆணையிலேயே நிபந்தனையாக உள்ளது.

இரு மடங்கு என்பதைக் கணக்கிடுவதில்தான் தொழிலாளர்களும் தடுமாறுகிறார்கள். மாதச் சம்பளக்காரரான உங்களுக்கு மே மாதச் சம்பளம் பிடித்தமின்றி முழுதாக வந்திருந்தால், அதில் மே 1க்கான ஒரு நாள் சம்பளம் ஏற்கெனவே அடங்கிவிட்டது. எனவே இன்னும் ஒரு நாள் சம்பளம் சேர்ந்தால் இரு மடங்கு ஆகிவிடும். சம்பளத்துக்கு மேல் இன்னும் இரண்டு நாள் வேண்டும், ஆக மூன்று மடங்கு என்று சிலர் கேட்பதுண்டு. மாற்று வழியாகச் சட்டம் சொல்வது அந்த நாளின் சம்பளமும் சம்பளத்துடன் கூடிய மற்றொரு நாளும்தான். இரண்டு வழிகளும் ஒரே மதிப்புடையவை என்று கொள்வதுதான் இயல்பான பொருள் என்பதால், மூன்று மடங்குக் கோரிக்கையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்பதில் 26ஆல் வகுப்பதா, 30ஆல் வகுப்பதா என்ற சண்டை வரும். தமிழ்நாட்டின் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்புகள் மாத ஊதியத்திலிருந்து நாள் ஊதியத்தைக் காண 26ஆல் வகுக்கச் சொல்கின்றன. பணிக்கொடைச் சட்டமும் மாதச் சம்பளக்காரருக்கு 26 என்ற எண்ணையே பயன்படுத்தியது. அந்த அடிப்படையில் உங்களுக்குக் கூடுதலாக வர வேண்டியது 600 ரூபாய், கொடுத்தது 200, பாக்கி 400 ரூபாய். பிரியாணியைச் சம்பளக் கணக்கில் சேர்க்க முடியாது.

சுமை தூக்கும் மூவரைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆயினும் அவர்களே கூடுதலாக இழந்திருப்பார்கள் என்று அஞ்சுகிறேன். தினக்கூலி என்பதற்காக 1958ஆம் ஆண்டுச் சட்டம் யாரையும் விலக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் உங்கள் கடைக்கே தொடர்ந்து வேலைக்கு வருபவருக்கு ஒன்பது விடுமுறை நாட்களிலும் கூலி உண்டு. வீட்டில் இருந்தால் ஒரு நாள் கூலி, வேலை செய்தால் இரண்டு நாள் கூலி. மே 1 அன்று அவர்கள் வழக்கமான கூலியும் 200 ரூபாயும் மட்டும் வாங்கியிருந்தால் அவர்களுக்கும் பாக்கி இருக்கிறது. நீங்கள் எழுதப்போகும் கடிதத்தில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலி வாங்கியதற்குக் கையெழுத்தோ ரேகையோ வைக்கும் நோட்டு இருந்தால் அதுவே அவர்களுக்குச் சான்று.

விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் என்ன என்ற கேள்விக்குப் பதில் உங்களுக்கு உவப்பாக இராது. 2025ஆம் ஆண்டுக் குடியரசு நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சட்டம் குறிப்பிட்ட தேதியை விடுமுறையாக்குகிறதே தவிர, அது வார விடுமுறையோடு ஒன்றிவிட்டால் திங்கட்கிழமையைத் தர வேண்டும் என்று சொல்லவில்லை. தேசிய விடுமுறைகளின் தேதியை மாற்ற முடியாது. ஆனால் ஐந்து பண்டிகைகளைத் தேர்ந்தெடுக்கும்போது நாட்காட்டியை விரித்துவைத்து, அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமையில் விழும் பண்டிகையைத் தவிர்த்து வேறொன்றைக் கேட்கலாம். கையெழுத்துக்கு முன் பட்டியலைப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்ளூர் அளவில் வந்தாலும் தனியார் ஊழியருக்குச் சம்பளத்துடன் கிடைத்தே தீர வேண்டிய நாள் ஒன்று உண்டு. அது வாக்குப்பதிவு நாள். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ நடக்கும் தேர்தலில் வாக்குரிமை உள்ள எந்தத் தொழிலாளிக்கும், தினக்கூலி உட்பட, அன்று சம்பளக் குறைப்பின்றி விடுமுறை தர வேண்டும் என்கிறது. 2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு முழுவதும் வாக்குப்பதிவு நடந்தபோது இது எல்லோருக்கும் பொருந்தியது. உங்கள் வாக்கு உள்ள தொகுதியில் மட்டும் இடைத்தேர்தல் நடந்து, கடை வேறு தொகுதியில் இருந்தாலும், அந்த விடுமுறையை நீங்கள் கேட்கலாம். ஆனால் மீறும் முதலாளிக்கு 500 ரூபாய் வரை மட்டுமே அபராதம் என்பது சட்டத்தின் பல்லைப் பிடுங்கிவைத்திருக்கிறது.

உங்கள் தம்பி விஷயம் எளிது. விடுமுறைச் சட்டம் வேலை செய்யும் இடத்தைப் பொறுத்தது, சொந்த ஊரைப் பொறுத்ததல்ல. கர்நாடகத்தில் இதற்கென 1963ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக உள்ளது. அங்கே இந்த நான்கு நாட்களோடு கன்னட ராஜ்யோத்சவ நாளான நவம்பர் 1ஆம் தேதியும் கட்டாய விடுமுறை. அழகருக்காக அவர் பெங்களூரில் விடுமுறை கேட்க முடியாது, ஆனால் நவம்பர் 1 அன்று வேலை செய்ததற்குரிய கூடுதல் பலனைக் கேட்கலாம்.

புதிய சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டதால் பழைய விடுமுறைச் சட்டம் செல்லாது என்று உங்கள் கடையின் ஆலோசகர் சொல்லக்கூடும். நான்கு தொகுப்புகளில் ஒன்றிணைக்கப்பட்டவை 29 மத்தியச் சட்டங்கள். 1958ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டமும் 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டமும் மாநிலச் சட்டங்கள்; அவை அந்த 29இல் இல்லை. மாறாக, ஊதியத் தொகுப்பு உங்களுக்குச் சில வகையில் உதவுகிறது. குறைவாகக் கொடுக்கப்பட்ட சம்பளத்துக்கான கோரிக்கையை மூன்று ஆண்டுக்குள் தாக்கல் செய்யலாம். கொடுத்துவிட்டேன் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது.

நடைமுறையில், நேரே புகாருக்குப் போகாமல் முதலில் முதலாளிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். வழக்கறிஞர் அறிவிப்பு இப்போதைக்குத் தேவையில்லை. நீங்கள் அங்கேயே தொடர்ந்து வேலை செய்யப்போகிறவர். கடிதத்தில் குற்றஞ்சாட்டும் சொற்களைத் தவிர்த்து, மே 1 பாக்கி 400 ரூபாய், இரண்டாம் நாள் பிடித்தம் 600 ரூபாய் (கடை 30ஆல் வகுத்துப் பிடித்திருந்தால் 520 ரூபாய்) ஆகியவற்றைக் கணக்கோடு காட்டுங்கள். முதல் நாள் பிடித்தத்தைத் தற்செயல் விடுப்பாக மாற்றித் தரும்படி தனிப் பத்தியில் கேளுங்கள். அது உரிமையாக வலியுறுத்த வேண்டியதா, வேண்டுகோளாக வைக்க வேண்டியதா என்பது நீங்கள் முன்கூட்டி விடுப்புக் கேட்டீர்களா என்பதைப் பொறுத்தது. திருவிழா நாள் வழக்கத்தை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதைத் தனிக் கடிதமாக, எல்லோருடைய கையெழுத்துடனும் கொடுங்கள். பணக் கோரிக்கையையும் இதையும் ஒரே தாளில் போட்டால், பணத்தைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பேசாமல் விட்டுவிடுவார்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால், இரண்டு கடிதங்களின் நகலையும் சம்பளச் சீட்டையும் இணைத்து, மதுரைத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து, மனு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். விசாரணைக்கு அழைப்பு வரும்போது வருகைப் பதிவேட்டையும் விடுமுறைப் பட்டியலையும் கொண்டுவரும்படி முதலாளிக்கு உத்தரவிட வேண்டும் என்பதையும் அந்த மனுவிலேயே எழுதிவிடுங்கள்.